கடன் அறிக்கை திருத்துவோரை அறிதல்

வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் ஒருவர் வாங்கிய கடன்கள், அவற்றின் தவணைகளை அவர் கட்டிய விதம், புதுக்கடன் கேட்டு அவர் ஏறி இறங்கிய இடங்கள் ஆகியவற்றைத் தொகுத்துக் காட்டும் ஆவணம் கடன் தகவல் அறிக்கை எனப்படுகிறது. இந்தியாவில் இதைத் தொகுப்பதற்கு ரிசர்வ் வங்கியிடம் பதிவுச் சான்று பெற்றவை டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள். அவற்றுள் 2000-ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் மூத்தது என்பதால், 300 முதல் 900 வரை செல்லும் கடன் மதிப்பெண்ணை எந்த நிறுவனம் கணக்கிட்டாலும் மக்கள் வழக்கில் அது ‘சிபில்’ ஆகிவிட்டது. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் இந்த எண்ணைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன என்பது பழைய செய்தி; வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் பணி நியமனம் மோசமான கடன் வரலாற்றைக் காட்டி இரத்து செய்யப்பட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சரியென்று ஏற்றது. இவ்வளவு செல்வாக்குள்ள ஓர் ஆவணத்தைச் சுற்றித் தரகர்கள் முளைப்பதில் வியப்பில்லை. ‘சிபில் க்ளியர் செய்து தரப்படும்’ என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாளிலிருந்து, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த அலுவலகம்வரை இத்தொழில் பல தரங்களில் நடக்கிறது.

இத்தொழிலுக்குள் இருந்தவர்கள் நன்கறிந்த, ஆனால் வாடிக்கையாளரிடம் முதல் நாளில் பலர் சொல்லாத உண்மை ஒன்று உண்டு. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-இன்படி அறிக்கையில் உள்ள தகவலைத் தருவது கடன் கொடுத்த நிறுவனமே. அது ஒப்புதல் தராமல் சிபிலேகூட ஓர் எழுத்தை மாற்றுவதில்லை. பிழை இருப்பதாகக் கருதும் கடன்தாரர் தாமாகவே மறுப்பு எழுப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-இலேயே ஆணையிட்டுவிட்டது. ஆகவே திருத்தும் நிறுவனம் எதுவாயினும், அதன் கையில் தனி வழியோ உள்ளாள் உறவோ இல்லை. அது விற்பது அறிக்கையைப் பிழையறப் படிக்கும் பழக்கம், சரியான முகவரிக்குச் சரியான கடிதம் எழுதும் பழக்கம், பதில் வரும்வரை விடாமல் தொடரும் பொறுமை ஆகியவற்றை மட்டுமே. வேலைக்குப் போகும் ஒருவருக்கு இவற்றுக்கு நேரம் இல்லாதபோது இந்த விற்பனை நியாயமானதுதான். தாம் விற்பது இவ்வளவே என்று ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தையும், அதற்கு மேல் ஏதோ இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் நிறுவனத்தையும் பிரித்தறிவதே இத்துறையில் நம்பகம் பார்ப்பதாகும்.

அமெரிக்காவில் இவ்வேறுபாட்டைச் சட்டமே ஓரளவு செய்து தருகிறது. 1996-இல் அங்கு இயற்றப்பட்ட கடன் சீரமைப்பு நிறுவனங்கள் சட்டம், வேலையை முழுதும் முடிப்பதற்கு முன் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகும் உரிமையைத் தருகிறது. இந்த வேலையை வாடிக்கையாளர் தாமே செய்துகொள்ள முடியும் என்ற அறிவிப்பை நிறுவனமே அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியாவில் திருத்தும் நிறுவனங்களுக்கென இத்தகைய தனிச்சட்டம் இல்லை. உரிமம் வழங்கும் அமைப்பும் இல்லை. இல்லாத ஒன்றை எவரும் பெற்றிருக்க இயலாது என்பதால், ‘ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்ற சிபில் ஏஜென்சி’ என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பவர் மற்ற எந்தச் சோதனைக்கும் முன்பாகவே தோற்றுவிடுகிறார். 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட எச்சரிக்கையும் இங்கு நினைக்கத்தக்கது: சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று பணம் வாங்கிக்கொண்டு, எவ்வித அதிகாரமும் இல்லாமல் ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ வழங்கிவந்த கூட்டங்களைக் குறித்தே அது வெளியிடப்பட்டது.

நல்ல நிறுவனத்தில் முதல் சந்திப்பு பெரும்பாலும் அறிக்கை படிப்பதிலேயே கழியும். ஒவ்வொரு கடன் கணக்கின் கீழும் மாதத்துக்கு ஒரு கட்டமாக அதிகபட்சம் 36 கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் தவணை நாள் கடந்து எத்தனை நாட்கள் ஆயின என்பது எண்ணாக இருக்கும். தொழிலில் இதை டி.பி.டி. என்பார்கள். மூன்று சுழியங்கள் இருந்தால் பாக்கி இல்லை. 030 என்றிருந்தால் முப்பது நாள் தாமதம். எண்ணுக்குப் பதில் மூன்று பெருக்கல் குறிகள் இருந்தால் அம்மாதத் தகவலைக் கடன் கொடுத்தவர் அனுப்பவில்லை என்று பொருள். தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் வகைக்குப் போய்விடும். இக்கட்டங்களைத் தாளில் அச்சிட்டு, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, ‘இந்த மாதம் என்ன நடந்தது’ என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொள்ளும் பழைய முறையைக் கட்டுரையாளர் பணியாற்றிய அலுவலகம் கடைசிவரை விடவில்லை. இந்த விசாரணை முடியும்போது அறிக்கையின் குறைகள் மூன்று குவியல்களாகப் பிரிந்திருக்கும்: கடனே அவருடையது அன்று; கடன் அவருடையது, பதிவு தவறு; கடனும் அவருடையது, பதிவும் உண்மை. மூன்றாவது குவியலைத் தள்ளிவைத்து ‘இதில் செய்வதற்கு எதுவும் இல்லை, இதற்குப் பணம் வாங்க மாட்டோம்’ என்று சொல்கிறார்களா என்பதே இத்தொழிலின் உரைகல். அந்தக் குவியலில்தான் அவசரமும் அழுகையும் அதிகம். ஆகையால் அதில்தான் பணமும் அதிகம்.

முதல் குவியல், அதாவது பிறர் கடன் ஒருவர் அறிக்கையில் ஏறிவிடுவது, தமிழ்நாட்டில் நேர்வதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. தமிழர் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, தந்தையின் முதலெழுத்தே முன்னொட்டு. ஆனால் பான் அட்டை விண்ணப்பம் முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறது. ஒரே மனிதர் ஒரு வங்கியில் எஸ். சுடலைமுத்து, மற்றொன்றில் சுடலைமுத்து எஸ்., பான் அட்டையில் சுடலைமுத்து சங்கரலிங்கம் என்று மூன்று ஆளாக நிற்கிறார். இதன் மறுபுறமும் நடக்கிறது. குலதெய்வத்தின் பெயரைப் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் வைக்கும் ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். முந்தைய தலைமுறையில் பள்ளியில் சேர்த்த ஆசிரியர் மே, ஜூன் என்று குத்துமதிப்பாக எழுதிய தேதியே பலருக்குப் பிறந்தநாளாக நிலைத்துவிட்டது. தெருப்பெயர் இல்லாத முகவரியில் ஊர்ப்பெயரும் அஞ்சல் குறியீடும் மட்டுமே இருக்கும். பழைய நகைக்கடன்களிலும் மகளிர் குழுக் கடன்களிலும் பான் எண் இல்லாமல் வாக்காளர் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த கணக்குகள் ஏராளம். பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணும் கணினிக்கு இத்தகைய இருவரும் ஒருவராகவே தோன்றுகிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம், ஏலத்துக்குப் போன நகைக்கடன் ஒன்றைச் சுட்டி, “அண்ணாச்சி, இது உங்களுதா?” என்று அலுவலகத்தில் கேட்டபோது, “எங்க ஊர்ல எம் பேர்லயே நாலு பேரு இருக்காவ, அதுல எவன் வச்ச நகையோ” என்றார் அவர். அந்தப் பதில்தான் வழக்கின் திறவுகோல். அதற்குப் பின் வேண்டியிருந்தது அந்தக் கிளையின் கடன் விண்ணப்பத்தில் உள்ள கையொப்பத்தையும் புகைப்படத்தையும் காட்டுமாறு கேட்கும் ஒரு கடிதம் மட்டுமே. இவ்வகை வழக்குகளை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் எந்த ஆவணங்களைக் கேட்கிறது என்று கவனித்தாலே அதன் தேர்ச்சி தெரிந்துவிடும். ஆதார் நகலும் முன்பணமும் போதும் என்பவர், பிழை எங்கே பிறந்தது என்று யோசிக்கவே இல்லை.

இரண்டாவது குவியலில் சேர்பவை முடித்த கடன் முடியாததாக நிற்பது, கட்டிய தவணை கட்டாததாகத் தெரிவது முதலியவை. இவற்றில் உண்மையான உழைப்பு, இன்று அந்தக் கணக்கை வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. வங்கிப் பெயர் மாறும்போது கணக்கு எண் மாறக்கூடும், கடன் முடித்த இரசீதில் இருப்பதோ பழைய எண். இதைவிடச் சிக்கலானது, வாராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் எனப்படும் வேறொரு நிறுவனத்துக்கு வங்கி விற்றுவிடுவது: கடன்தாரர் வங்கிக்குப் போனால் ‘எங்களிடம் இல்லை’ என்கிறார்கள், வாங்கிய நிறுவனத்தின் பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்து, பொறுப்பு அதிகாரியின் பெயருக்கே கடிதம் போகும்படி செய்வதற்கு ஒரு நிறுவனம் கட்டணம் கேட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது குவியலை வைத்துப் பிழைப்பவர்கள் கையாளும் உத்திகளில் பரவலானது, ஆங்கிலத்தில் ‘செட்டில்மென்ட்’ என்று வழங்கும் தீர்வு வணிகம். இதில் நிறுவனம் வாடிக்கையாளரிடம் முதலில் சொல்வது, எல்லாத் தவணைகளையும் நிறுத்துங்கள் என்பது. தவணைப் பணத்தில் ஒரு பகுதி மாதக் கட்டணமாக அந்நிறுவனத்துக்குப் போகும். சில மாதங்களில் கட்டங்கள் 030, 060, 090 என்று ஏறி, கணக்கு வாராக்கடனாகும். வசூல் முகவர்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வருவார்கள். அந்த நெருக்கடியின் உச்சத்தில் வங்கி ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள இசையும். ஒரு லட்சத்தை நாற்பதாயிரத்தில் முடித்துக் கொடுத்தோம் என்று நிறுவனம் பெருமைப்படும். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முடிந்தது’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். முழுத்தொகை வராமல் வங்கி விட்டுக்கொடுத்தது என்பதே அச்சொல் அடுத்த வங்கிக்குத் தரும் செய்தி. 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, சமரசத் தீர்வு செய்துகொண்டவருக்கு, வேளாண் கடன் நீங்கலாக, குறைந்தது பன்னிரண்டு மாதம் கழியாமல் அதே நிறுவனம் புதுக்கடன் தர இயலாது. வேலை இழந்து, நோயில் விழுந்து, கட்ட வழியே இல்லாதவருக்குத் தீர்வு ஒரு கதவுதான், அதை மறுப்பதற்கில்லை. மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொல்லி ஒருவரை அக்கதவுக்குள் தள்ளுவதுதான் மோசடி. நேர்மையான நிறுவனம் இதற்கு நேர்மாறான வேலையையே செய்யும்: பழைய தீர்வில் விட்டுப்போன மீதித் தொகையைச் செலுத்த வாடிக்கையாளரால் முடியுமா என்று பார்த்து, செலுத்தியபின் நிலுவை இல்லை என்ற சான்றைப் பெற்று, கணக்கை ‘முடிந்தது’ என்று மாற்றும்படி வங்கியிடம் கேட்கும். அப்போதும் பழைய மாதங்களின் தாமத எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தரும்.

பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி, பயன்படுத்தாமல் அலமாரியில் போட்ட கடன் அட்டைக்கு ஆண்டுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் ஏறி, அதன்மேல் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறி, கடைசியில் ‘ரைட்-ஆஃப்’ என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்ட கடனாக நிற்பதும் இந்த மூன்றாவது குவியலில் அடிக்கடி வரும் வழக்கு. வங்கி தன் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிட்டது என்பதால் கடன் போய்விட்டது என்று வாடிக்கையாளர் மகிழ்வார். போகவில்லை.

வேலை நடப்பதாகக் காட்டுவதற்கும் ஓர் உத்தி உண்டு. வாடிக்கையாளரின் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், உண்மையோ பொய்யோ பாராமல், மொத்தமாக மறுப்பு எழுப்பிவிடுவார்கள். மறுப்பு விசாரணையில் இருக்கும்வரை அந்தப் பதிவின் பக்கத்தில் ‘மறுப்பில் உள்ளது’ என்ற குறிப்பு தோன்றும். அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘பாருங்கள், சிபில் ஒப்புக்கொண்டுவிட்டது, இரண்டாம் தவணைக் கட்டணத்தை அனுப்புங்கள்’ என்பார்கள். கடன் கொடுத்தவர் தம் தகவல் சரியே என்று பதில் தந்ததும் குறிப்பு மறைந்து பழைய பதிவு அப்படியே நிற்கும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். மறுப்பு எழுப்பிய சான்று வேறு, திருத்தம் நடந்த சான்று வேறு. பின்னது புதிதாக எடுத்த முழு அறிக்கையில் மட்டுமே தெரியும்.

காலக்கெடுவைக் கேட்பதும் பயனுள்ள சோதனை. புகார் வந்த 30 நாட்களுக்குள் பிழையைத் தீர்க்க வேண்டும் என்பது விதி. அதில் கடன் கொடுத்த நிறுவனம் திருத்திய தகவலை அனுப்ப 21 நாட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கெடு தாண்டினால், தாமதத்துக்குக் காரணமானவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் புகார்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ளது. திருத்தத்தை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பதும் அப்போது வந்ததே. 2025 ஜனவரி முதல் கடன் கொடுப்போர் மாதத்துக்குக் குறைந்தது இருமுறை தகவல் அனுப்புகிறார்கள். ஆகவே மூன்று நாளில் மதிப்பெண்ணை நூறு புள்ளி உயர்த்துவேன் என்பவரும் நம்பத்தக்கவர் அல்லர், தெளிவான ஒரு பிழைக்கு ஓராண்டு மாதச்சந்தா கேட்பவரும் நம்பத்தக்கவர் அல்லர். நூறு ரூபாய் இழப்பீட்டைப் பற்றி வாடிக்கையாளரிடம் தாமாகவே வாய்திறக்கும் நிறுவனங்கள் குறைவு என்பது கட்டுரையாளரின் கணிப்பு. அது வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பணம், நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

முப்பது நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் புகார் அளிக்கலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அதற்குள் வந்துவிட்டன. இதற்கும் கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவரே வழக்கறிஞராக இருந்தாலன்றி, அவர் சார்பில் வழக்கறிஞர் வழியாகப் புகார் தர அத்திட்டம் இடம்தரவில்லை. ஆதலால் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு ‘வக்கீல் ஃபீஸ்’ கேட்கும் நிறுவனம் விதியைப் படிக்காதது, அல்லது வாடிக்கையாளர் படிக்கமாட்டார் என்று நம்புவது.

கட்டணத்தில், ஒவ்வொரு பிழைக்கும் இவ்வளவு, திருத்தம் அறிக்கையில் தெரிந்தபின் இவ்வளவு என்று பேசுபவரே சிறந்தவர்; அறிக்கை படித்து ஆலோசனை சொல்ல ஒரு சிறு தொகையை முன்னரே வாங்குவதில் தவறில்லை. மதிப்பெண்ணின் ஏற்றத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது கேட்க நியாயமாகத் தோன்றினாலும், மதிப்பெண் பாதி வேளை வாடிக்கையாளர் ஒழுங்காகத் தவணை கட்டியதாலேயே ஏறியிருக்கும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, அறிக்கையின் சாவியைப் பிறர் கையில் கொடுப்பதில் இருக்கிறது. சில முகவர்கள் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கி, கடன் தகவல் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பெயரில் கணக்குத் தொடங்கி, அதில் தம் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் பதிந்துவிடுகிறார்கள். ஒருவரின் அறிக்கையை யாரேனும் பார்த்தால் அவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போக வேண்டும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இதனால் வீணாகிறது. எச்சரிக்கை முகவருக்குப் போகிறது. பான், ஆதார் நகல்களை வைத்து வாடிக்கையாளர் அறியாமலே சிறுகடன் செயலிகளில் விண்ணப்பித்துவிட்டால், ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணைப் பதிவாக ஏறி மதிப்பெண்ணை மேலும் இறக்கும். போலி நிலுவையின்மைச் சான்று தயாரித்து மறுப்போடு இணைக்கும் முகவர்களும் உண்டு. பிடிபடும்போது ஆவணத்தில் இருப்பது வாடிக்கையாளரின் பெயர், முகவருடையது அன்று. ஓடிபி கேட்காமல், வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் விரலாலேயே பதிவுசெய்ய வைக்கும் நிறுவனம் சற்று மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஒரு வழக்கு முடியும் நாளில் முறையான நிறுவனம் நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் புது அறிக்கைகளையும் எடுத்துப் பார்க்கும். ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் திருத்தப்படாமல் நிற்பது வழக்கமானது. அதன்பின் கடவுச்சொல்லை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ள வேண்டும், கடிதம் எழுதக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைத் திரும்பப் பெற வேண்டும், பான் நகலின் குறுக்கே ‘இன்ன கணக்கின் திருத்தத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். வங்கி தந்த நிலுவையின்மைச் சான்றின் மூலப்படி வாடிக்கையாளரிடமே இருக்க வேண்டும், ஏனெனில் அடுத்த வங்கி இணைப்பின்போது அதே கணக்கு மறுபடி உயிர்பெற்று எழுவதைக் கட்டுரையாளர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டதுண்டு. அப்போது அந்தச் சான்றை ஸ்கேன் செய்து மறுப்போடு இணைக்க எந்த நிறுவனத்தின் உதவியும் தேவைப்படுவதில்லை.